பப்பெட் 7-இலிருந்து 8-க்கு: பெரிய சர்வர் தொகுதிகளில் அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

பப்பெட் 7 ஓடும் சில நூறு அல்லது சில ஆயிரம் சர்வர்களைப் பப்பெட் 8-க்குக் கொண்டு செல்லும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பப்பெட் போன்ற அமைவு மேலாண்மை மென்பொருள், அதாவது பல இயந்திரங்களின் அமைவை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள், மற்ற மென்பொருள்களைப் போல ஓர் ஓரத்தில் பழுதாகி நின்றுவிடுவதில்லை. எஸ்எஸ்எச் அமைவு, ஃபயர்வால் விதி, பயனர் கணக்கு, நேரச் சேவை என இயந்திரத்தில் உள்ள எல்லாவற்றையும் ரூட் உரிமையோடு எழுதும் கருவி அது. ஒவ்வோர் இயந்திரத்திலும் இருக்கும் அதன் ஏஜென்ட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுவதால், அது ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டால் அந்தத் தவறு அரை மணி நேரத்துக்குள் தொகுதி முழுவதும் எழுதப்பட்டுவிடும்.

ஆகவே கீழே உள்ள அறிகுறிகள் அனைத்தையும் நான் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன். மேம்படுத்தல் சரியாக நடந்திருந்தால், ஏஜென்டின் பொதியைத் தவிர அந்த இயந்திரத்தில் வேறு எதுவும் மாறியிருக்கக் கூடாது. முதல் ஓட்டத்தில் ஒரே ஒரு கோப்பு மாறியிருந்தாலும், ஓட்டம் பச்சையாக முடிந்திருந்தாலும், அதுவும் ஓர் அறிகுறிதான்.

தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

ஏஜென்ட்களுக்கு ஆணை தரும் பப்பெட் சர்வரின் பதிப்பு ஏஜென்டின் பதிப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும் என்பதால், முதலில் பப்பெட் சர்வர்கள், பிறகு இயந்திரங்களின் விவரங்களையும் அறிக்கைகளையும் சேமிக்கும் பப்பெட்டிபி, கடைசியில் ஏஜென்ட்கள் என்ற வரிசையை மாற்றக் கூடாது. சர்வரைப் பப்பெட்டிபியோடு இணைக்கும் ‘டெர்மினை’ பொதியும் பப்பெட்டிபியும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். இயந்திரங்களின் அடையாளச் சான்றிதழ்களை வழங்கும் சான்றிதழ் ஆணையத்தின் கோப்புறைக்கும், பப்பெட்டிபியின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கும் காப்புப் பிரதி எடுத்து, அதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். திறந்து பார்க்கச் சொல்வதன் காரணம் சான்றிதழ் பகுதியில் வருகிறது.

இவற்றோடு, பப்பெட்டைச் சாராத ஒரு வழி இயந்திரங்களுக்குள் செல்லத் தயாராக இருக்க வேண்டும். ஏஜென்ட் கெட்டுப்போன இயந்திரத்தை அந்த ஏஜென்டைக் கொண்டே சரிசெய்ய முடியாது. எஸ்எஸ்எச் வழியாக இயங்கும் போல்ட், ஆன்சிபிள் இவற்றில் ஏதேனும் ஒன்றைக் கொண்டு, காரணம் குறிப்பிட்டு எல்லா ஏஜென்ட்களையும் முடக்கும் கட்டளையை ஒருமுறை உண்மையாகவே ஓட்டிப் பாருங்கள். அது எத்தனை நிமிடத்தில் தொகுதி முழுவதும் போய்ச் சேர்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த அடி எடுத்து வைப்பது நல்லது.

அறிகுறி: மேம்படுத்திய சர்வர் எழுந்திருக்கவே இல்லை

முதலில் ஜாவா பதிப்பைப் பாருங்கள். பப்பெட் சர்வர் 8 ஜாவா 11 அல்லது 17-இல் ஓடும். ஜாவா 8-இல் ஓடாது. புதிய ஜாவா நிறுவப்பட்டிருந்தும், இயந்திரத்தின் இயல்பு ஜாவாவாகப் பழையதே நீடிப்பது அடிக்கடி நேர்வதுதான். அது சரியாக இருந்தால், சர்வரின் ஜேரூபிக்கென்று, அதாவது ஜாவாவின்மேல் ஓடும் ரூபிக்கென்று, தனியே நிறுவப்பட்ட ஜெம்கள் (ரூபி நூலகங்கள்) புதிய ஜேரூபியோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இவ்வகைப் பிழை உடனே, உரக்கத் தெரிவதால் அஞ்ச வேண்டியதில்லை.

அறிகுறி: சர்வர் எழுந்துவிட்டது, சில இயந்திரங்களுக்கு மட்டும் கேட்டலாக் தொகுக்கப்படவில்லை

கேட்டலாக் என்பது ஓர் இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று சர்வர் தொகுத்து அனுப்பும் பட்டியல். பப்பெட் 8-இல் இரண்டு இயல்பு மதிப்புகள் மாறியுள்ளன. முன்பு எச்சரிக்கையோடு விட்டுவிடப்பட்டவற்றைப் பிழையாக்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற அமைவு இப்போது ‘எரர்’ என்ற நிலையில் இருக்கிறது. வரையறுக்கப்படாத மாறியைப் பிழையாகக் கருதும் அமைவும் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஹாஷில் ஒரே சாவியை இருமுறை எழுதியது, மேற்கோளுக்குள் இருக்கும் எண்ணை அப்படியே கணக்கில் கூட்டியது, எங்கும் மதிப்புத் தராத மாறியைப் பயன்படுத்தியது எனப் பல ஆண்டுகளாக யாரும் பொருட்படுத்தாத வரிகள் இப்போது தொகுப்பை நிறுத்திவிடும்.

உடனடித் தீர்வாகச் சர்வரின் அமைவுக் கோப்பில் இவ்விரண்டையும் பழைய நிலைக்குத் தளர்த்தலாம். ஆனால் முறையான தீர்வு இன்னும் முன்னதாகவே இருக்கிறது. பப்பெட் 7 ஓடிக்கொண்டிருக்கும்போதே, சோதனைச் சர்வர் ஒன்றில் இவ்விரு அமைவுகளையும் கடுமையாக்கி, எல்லா இயந்திரங்களின் கேட்டலாக்கையும் தொகுத்துப் பார்த்துவிட்டால், பிழைகள் அனைத்தும் பழைய பதிப்பிலேயே வெளிவந்துவிடும். பதிப்பு மாற்றத்தையும் நடத்தை மாற்றத்தையும் ஒரே இரவில் செய்யாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய பாதுகாப்பு.

அறிகுறி: கையால் ஓட்டினால் பிழை, தானாக ஓடும்போது பிழை இல்லை

இதைக் கண்டு குழம்பி, ‘இடையிடையே வரும் நெட்வொர்க் கோளாறு’ என்று எழுதி மூடிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் இது முந்தைய பிழையின் முகமூடி. புதிய கேட்டலாக்கைப் பெற முடியாதபோது, முன்பு பெற்றுச் சேமித்து வைத்த கேட்டலாக்கைக் கொண்டு ஓடும்படி ஏஜென்ட் இயல்பாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. ‘டெஸ்ட்’ தெரிவோடு கையால் ஓட்டும்போது அந்த வசதி அணைக்கப்பட்டுவிடுவதால் பிழை தெரிகிறது. பின்னணியில் ஓடும்போது பழைய கேட்டலாக் ஓடி முடிகிறது. கண்காணிப்புப் பலகையைப் பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத் தோன்றலாம். ஆனால் அந்த இயந்திரம் மேம்படுத்தலுக்கு முந்தைய நாளிலேயே உறைந்து நிற்கிறது, அதன் பிறகு நீங்கள் செய்த பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அதை அடையவில்லை.

ஒவ்வோர் அறிக்கையிலும் சேமித்த கேட்டலாக் பயன்பட்டதா, எதனால் பயன்பட்டது என்று சொல்லும் புலம் ஒன்று இருக்கிறது. சர்வரை மேம்படுத்திய நாளிலிருந்து, அந்தப் புலத்தில் ‘தோல்வியால்’ என்று பதிவான இயந்திரங்களின் பட்டியலைப் பப்பெட்டிபியிலிருந்து ஒவ்வொரு மணி நேரமும் எடுங்கள். அந்தப் பட்டியல் வெறுமையாகும்வரை ஏஜென்ட்கள் பக்கம் போக வேண்டாம்.

அறிகுறி: ஏஜென்டை மேம்படுத்தியதும் ‘தெரியாத மாறி’ என்ற பிழை

சர்வரை மேம்படுத்தி ஒரு வாரம் அமைதியாகப் போயிருக்கும். ஏஜென்டைத் தொட்டதும் பிழைகள் கொட்டும். ஃபேக்ட் என்பது ஏஜென்ட் தன் இயந்திரத்தைப் பற்றிச் சர்வருக்குச் சொல்லும் விவரம். பழைய வகை ஃபேக்ட்களை, அதாவது ஆப்பரேட்டிங்சிஸ்டம், ஓஎஸ்ஃபேமிலி, எஃப்க்யூடிஎன், ஐபிஅட்ரஸ் முதலிய தனிப் பெயர்களை, அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஏஜென்ட். பப்பெட் 7 ஏஜென்ட் அவற்றை அனுப்பிக்கொண்டிருக்கும். பப்பெட் 8 ஏஜென்ட் இயல்பாக அனுப்பாது. எனவே சர்வர் 8 ஆனதும் எதுவும் உடையவில்லை என்பது ஏஜென்ட் 8-க்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

மேனிஃபெஸ்ட்களில், அதாவது பப்பெட் குறியீட்டுக் கோப்புகளில், பழைய பெயர்களை ஃபேக்ட்ஸ் ஹாஷுக்குள் உள்ள அடுக்குப் பெயர்களாக மாற்றுவதே தீர்வு. பப்பெட்-லின்ட் கருவிக்கான பழைய ஃபேக்ட் சோதனைச் செருகி இவற்றைத் தேடித் தருவதோடு பெரும்பாலானவற்றைத் தானே திருத்தியும் விடும். டெம்ப்ளேட்களையும், வெளியிலிருந்து எடுத்துப் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத மாட்யூல்களையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். நேரம் வேண்டுமென்றால், பழைய ஃபேக்ட்களைச் சேர்த்து அனுப்பும் அமைவை ஏஜென்டின் கோப்பில் இயக்கலாம். அதே அமைவு பப்பெட் 7-இன் பிந்தைய வெளியீடுகளிலும் இருப்பதால், அங்கே அதை அணைத்து முன்கூட்டியே சோதிக்கவும் முடியும்.

அறிகுறி: எல்லாம் பச்சை, ஆனால் ஒரு கோப்பு மாறியிருக்கிறது

இதுதான் நான் மிகவும் அஞ்சும் அறிகுறி.

மேனிஃபெஸ்டில் இல்லாத மாறியைக் குறிப்பிட்டால் பிழை வரும். மதிப்புகளை அடுக்கடுக்கான தரவுக் கோப்புகளில் தேடித் தரும் ஹைராவின் அடுக்கு வரிசையில் அதே மாறியைக் குறிப்பிட்டால் பிழை வராது. அந்த இடத்தில் வெற்றுச் சரம் வந்து அமரும். இயங்குதளக் குடும்பத்தின் பெயரைக் கொண்டு ‘ஓஎஸ்’ கோப்புறைக்குள் ரெட்ஹேட் என்ற பெயருள்ள யாம்ல் கோப்பைத் தேட வேண்டிய ஹைரா, பெயரே இல்லாத, வெறும் புள்ளியில் தொடங்கும் யாம்ல் கோப்பைத் தேடும். அப்படி ஒரு கோப்பு இல்லாததால் அந்த அடுக்கை ஓசையின்றித் தாண்டி, எல்லாருக்கும் பொதுவான கடைசி அடுக்கின் மதிப்பை எடுத்துக்கொள்ளும். கேட்டலாக் பிழையின்றித் தொகுக்கப்படும். ஏஜென்ட் அதைப் பிழையின்றி நிறைவேற்றும்.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் இது நிகழ்ந்தது. வெளி இணைப்பு இல்லாத ஒரு பகுதியில் இருந்த ரெட்ஹேட் இயந்திரங்களுக்கு, உள் நேரச் சர்வர்களின் முகவரிகள் இயங்குதள அடுக்கில் எழுதப்பட்டிருந்தன; பொது அடுக்கிலோ இணையத்தில் உள்ள பொது நேரச் சர்வர்கள் இருந்தன. ஏஜென்ட் மேம்பட்ட முதல் ஓட்டத்தில் நேரச் சேவையான க்ரோனியின் அமைவுக் கோப்பில் நான்கு வரிகள் நீக்கப்பட்டு நான்கு வரிகள் சேர்க்கப்பட்டன, சேவை மறுதொடங்கப்பட்டது, வெளியேறு குறி 2, அதாவது மாற்றங்கள் நிகழ்ந்தன, தோல்வி எதுவுமில்லை. நாங்கள் 4-ஐயும் 6-ஐயும் மட்டும் தோல்வியாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தோம். எட்ட முடியாத சர்வர்களைக் கேட்டுக்கொண்டே அந்த இயந்திரங்களின் கடிகாரங்கள் மெல்ல விலகின. இரண்டு இயந்திரங்களின் பதிவுகளை அருகருகே வைத்துப் பார்த்த ஒருவர், பதில் கேள்விக்கு முன்னால் வந்திருப்பதாகப் பதிவாகியிருப்பதைக் கவனித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த நான்கு வரிகள் முதல் ஓட்டத்தின் அறிக்கையிலேயே, எல்லாருடைய கண்முன்னும் இருந்தன.

அன்றிலிருந்து, மேம்படுத்தல் ஓட்டங்களில் 2 என்ற வெளியேறு குறியையும் நிறுத்தற்குறியாகவே கருதுகிறேன். செய்முறை இதுதான். முன்னோடி இயந்திரத்தில் பின்னணிச் சேவையை நிறுத்தி, பழைய ஏஜென்டை ஒருமுறை ஓட்டி, மாற்றம் எதுவும் நிலுவையில் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு புதிய ஏஜென்டைக் கையால் நிறுவி, எதையும் எழுதாமல் என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும் ‘நோஆப்’ தெரிவோடு ஓட்டுங்கள். வர வேண்டிய விடை, ஒன்றும் மாறாது என்பதே. ஏதேனும் ஒரு கோப்பு பட்டியலில் வந்தால், அந்தக் கோப்பின் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று ‘லுக்கப்’ கட்டளையை ‘எக்ஸ்ப்ளெயின்’ தெரிவோடு சர்வரில் ஓட்டிப் பாருங்கள். ஹைரா தேடிய ஒவ்வொரு பாதையையும் அது வரிசையாகச் சொல்லும். சாய்கோட்டுக்கும் புள்ளிக்கும் இடையே பெயர் இல்லாத ஒரு பாதை அங்கே கண்ணில் பட்டால் காரணம் கிடைத்துவிட்டது. ஹைரா அமைவுக் கோப்பை மட்டுமன்றி, தரவுக் கோப்புகளுக்குள் மதிப்புகளில் பதிந்திருக்கும் பழைய ஃபேக்ட் பெயர்களையும் தேடித் திருத்த வேண்டும்.

முன்னோடிகளைக் காலியாக இருக்கும் நல்ல இயந்திரங்களாகத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. ஒவ்வோர் இயங்குதளக் குடும்பத்துக்கும், ஒவ்வொரு பணிக்கும், ஒவ்வொரு தரவு மையத்துக்கும் ஒன்று, தொகுதியிலேயே பழைய இயந்திரம் ஒன்று எனப் பொறுக்க வேண்டும். எண்ணிக்கை பெரிதென்றால், இரண்டு கேட்டலாக்குகளை ஒப்பிட்டுக் காட்டும் ஆக்டோகேட்டலாக்-டிஃப் என்ற கருவி உதவும். கிட்ஹப் நிறுவனம் தன் தேவைக்கு உருவாக்கி வெளியிட்டது அது. ஒரு பக்கம் முழு ஃபேக்ட்களையும், மறுபக்கம் பழைய வகை நீக்கப்பட்ட ஃபேக்ட்களையும் தந்து ஒப்பிட்டால், எந்த ஏஜென்டையும் தொடாமலே வேறுபாடுகள் தெரிந்துவிடும்.

அறிகுறி: நாமே எழுதிய ஃபேக்ட் ஒன்று காணாமல் போயிற்று

ஏஜென்ட் 7-க்குள் இருந்தது ரூபி 2.7, ஏஜென்ட் 8-க்குள் இருப்பது ரூபி 3.2. கோப்பு இருக்கிறதா என்று பார்க்க ‘எக்ஸிஸ்ட்ஸ்’ என்று கடைசியில் ‘ஸ்’ சேர்த்து அழைக்கும் பழைய வழி ரூபி 3.2-இல் நீக்கப்பட்டுவிட்டது, ‘எக்ஸிஸ்ட்’ மட்டுமே செல்லும். யாம்ல் கோப்பைப் படிக்கும் வழக்கமான அழைப்பும் இப்போது பாதுகாப்பான வகைகளை மட்டுமே ஏற்பதால், உள்ளே தேதி இருந்தால் மறுத்துவிடும்.

தனி ஃபேக்ட் ஒன்றில் இப்பிழை நிகழ்ந்தால், ஃபேக்ட்களைத் திரட்டும் ஃபேக்டர் ஒரு பிழை வரியை எழுதிவிட்டு, அந்த ஃபேக்ட் இல்லாமலே மேலே செல்லும். ஃபேக்ட்ஸ் ஹாஷில் இல்லாத சாவியைக் கேட்டால் கடுமையான அமைவிலும் பிழை எழாது, வெறுமைதான் கிடைக்கும். ‘ரெய்டு அட்டை இருந்தால் கண்காணிப்பை நிறுவு’ என்ற நிபந்தனை அப்போது ‘இல்லை’ என்ற கிளையில் இறங்கி, இருக்கும் கண்காணிப்பை நீக்கவும் செய்யலாம். மேம்படுத்தலுக்கு முன்னும் பின்னும் ஃபேக்ட்கள் முழுவதையும் ஜேசானாக எடுத்து ஒப்பிடுங்கள். பழைய வகைப் பெயர்களைத் தவிர வேறெதுவும் குறைந்திருக்கக் கூடாது.

சர்வரில் சோதித்தபோது சரியாக இருந்தது என்று சிலர் சொல்வதற்கும் காரணம் உண்டு. பப்பெட் சர்வர் 8-இல் உள்ள ஜேரூபி 9.4, ரூபி 3.1-க்கு இணையானது, அந்தப் பழைய அழைப்பு அங்கே இன்னும் செல்லும். சர்வரில் ஓடும் செயற்கூறுகளுக்குத் தந்த நற்சான்றை ஏஜென்டில் ஓடும் ஃபேக்ட்களுக்கும், கோப்பு, சேவை முதலிய வளங்களை மாற்றும் ப்ரொவைடர்களுக்கும் தர முடியாது.

அறிகுறி: ‘பொருத்தமான ப்ரொவைடர் இல்லை’

சில ப்ரொவைடர்களுக்குத் தேவை என்று ஏஜென்டின் ரூபிக்குள் தனியே நிறுவிய ஜெம்கள், ரூபியின் பதிப்பெண்ணைத் தாங்கிய கோப்புறையில் இருக்கும். பதிப்பு மாறியதும் புதிய ரூபி பழைய கோப்புறையைப் பார்க்காது. அந்த ஜெம்களைக் கையால் நிறுவியிருந்தால் மறந்துபோயிருக்கும். பழைய ஏஜென்டில் ஜெம் பட்டியலை எடுத்துவைத்து, அவற்றைப் பப்பெட் குறியீட்டிலேயே அறிவித்துவிடுவது நல்லது.

அறிகுறி: ஓட்டங்கள் நீள்கின்றன, 503 வருகிறது

503 என்பது சர்வர் வேலைப்பளுவால் வேண்டுகோளை மறுக்கும் குறி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6000 இயந்திரங்கள் 30 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், வினாடிக்கு மூன்றுக்குச் சற்று அதிகம். ஒரு கேட்டலாக் தொகுக்க 9 வினாடி ஆனால், எப்போதும் 30 ஜேரூபி நிகழ்வுகள் வேலையில் இருக்க வேண்டும். அது 12 வினாடியாக உயர்ந்தால் 40 வேண்டும். ஒரு சர்வரில் இயல்பாக அதிகபட்சம் 4 நிகழ்வுகளே இருக்கும்; ஜாவா நினைவகமோ இயல்பாக 2 ஜிபி. இந்தக் கணக்கு, ஏஜென்ட்கள் பரவலாக வருகின்றன என்று நம்பிப் போட்டது. மேம்படுத்தும் கருவி ஒரே நொடியில் ஆயிரம் ஏஜென்ட்களை மறுதொடங்கினால் அவை ஆயிரமும் அதே நொடியில் சர்வரின் 8140 போர்ட் வாசலில் நிற்கும். அரை மணி கழித்து மறுபடியும் சேர்ந்தே வரும். ‘ஸ்ப்ளே’ அமைவை இயக்கி அவற்றைச் சிதறவிடுங்கள்; காத்திருக்கும் வேண்டுகோள்களின் எண்ணிக்கைக்குச் சர்வரில் வரம்பு வையுங்கள். சர்வர்களை ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடங்கி, ஒவ்வொன்றும் சூடேறிய பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள்.

அறிகுறி: ஏஜென்ட் பாதியில் நின்றது, ‘ஏற்கெனவே ஓர் ஓட்டம் நடக்கிறது’ என்கிறது

ஏஜென்ட் தன் பொதியைத் தானே மாற்றும்போது இது நேரும். பூட்டுக் கோப்பில் உள்ள செயல்முறை எண் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காத்திருங்கள், இல்லாவிட்டால் மட்டும் கோப்பை நீக்குங்கள். விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் ரூபியின் கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும் என்பதால், ஓட்டம் முடிந்த பிறகு தனிச் செயல்முறையாக நிறுவும் ‘பப்பெட்_ஏஜென்ட்’ மாட்யூலையே பயன்படுத்த வேண்டும்.

அறிகுறி: சான்றிதழ் சரிபார்ப்புத் தோல்வி

கடிகாரத்தை முதலில் பாருங்கள். அடுத்து காலாவதி: ஏஜென்ட் சான்றிதழ்கள் இயல்பாக 5 ஆண்டுகளுக்கே செல்லும், அந்த நாள் மேம்படுத்தல் வாரத்தில் வந்து விழுந்தால் பழி மேம்படுத்தலுக்குப் போகும்.

எதைச் செய்தாலும் சான்றிதழ் ஆணையத்தை அழித்து மீண்டும் உருவாக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வோர் இயந்திரத்தின் சான்றிதழையும் மாற்ற வேண்டியிருக்கும். பப்பெட் 7 காலத்தில் ஆணையத்தின் கோப்புறை பப்பெட்சர்வர் கோப்புறைக்குள் இடம்பெயர்ந்தது. பழைய நிறுவலை அதற்கான கட்டளையால் இடம்பெயர்த்திருந்தால், பழைய இடத்தில் ஒரு குறியீட்டு இணைப்பு மட்டுமே இருக்கும். எஸ்எஸ்எல் கோப்புறையை மட்டும் டார் கொண்டு சுருட்டும் பழைய காப்பு நிரல் அந்த இணைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே உள்ள சாவிகளை விட்டுவிடும். காப்புப் பிரதியைத் திறந்து பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

அறிகுறி: தோல்வி கூடவில்லை, இயந்திரங்களின் எண்ணிக்கை குறைகிறது

அறிக்கை அனுப்ப முடியாத இயந்திரம் தோல்வியாகத் தெரியாது. குறித்த காலத்துக்குப் பிறகு பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். வேறொரு காரணமும் உண்டு: பப்பெட்டிபியிடம் பழைய ஃபேக்ட் பெயரைச் சொல்லிக் கேட்கும் வினவல்கள், ஏஜென்ட்கள் மேம்பட மேம்படக் குறைவான இயந்திரங்களையே திருப்பித் தரும். சுமைச் சமநிலைப்படுத்தியின் பட்டியலையோ கண்காணிப்பு இலக்குகளையோ அத்தகைய வினவல் உருவாக்கிக்கொண்டிருந்தால், நலமாக இருக்கும் இயந்திரங்கள் சேவையிலிருந்து விலக்கப்படும். பப்பெட்டைச் சாராத பட்டியல் ஒன்றோடு, மெய்நிகர் இயந்திர மேலாளரோ கிளவுடோ தரும் பட்டியலோடு, ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் எண்ணிப் பாருங்கள்.

அறிக்கையின் அளவு திடீரெனச் சிறுத்திருந்தால் மட்டும் கவலை வேண்டாம். மாறாத வளங்களை அறிக்கையில் சேர்க்காமல் விடுவது பப்பெட் 8-இன் இயல்பு.

பின்வாங்க வேண்டிய நிலை

ஏஜென்டைப் பழைய பதிப்புக்குக் கொண்டு வருவது எளிது. பப்பெட்டிபி அப்படியல்ல, புதிய பதிப்பு எழுந்ததும் தரவுத்தள அமைப்பை முன்னோக்கி மாற்றிவிடும், பழைய பதிப்பு அதைப் படிக்காது, காப்புப் பிரதியிலிருந்து மீட்பதே வழி. ஆகவே சிக்கல் ஏஜென்டில் மட்டும் என்றால் சர்வர் பக்கத்தைத் தொடாமல் ஏஜென்டை மட்டும் பின்வாங்குங்கள்.

நான் 5, 50, 500 என்று சுற்றுகளைப் பெருக்குகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது இரண்டு முழு ஓட்டங்களும், இரவு நேர க்ரான் பணிகள் ஒருமுறையும் முடிந்த பிறகே அடுத்ததற்குச் செல்கிறேன். காரணம் தெரியாத ஒரு மாற்றம் ஒரே ஓர் இயந்திரத்தில் இருந்தாலும் சுற்று நிற்கும். அந்த ஓர் இயந்திரத்தின் பின்னால் 500 இருக்கும்.

கடைசிச் சுற்றும் முடிந்த பிறகு, வழியில் தற்காலிகமாகச் சேர்த்த தளர்வுகளைத் தேடுங்கள்: சர்வரில் ஸ்ட்ரிக்ட் தொடர்பான இரண்டு வரிகள், ஏஜென்ட்களில் பழைய ஃபேக்ட்களைச் சேர்க்கும் வரி, முடக்கி வைத்து மறந்துபோன ஏஜென்ட்கள். இவற்றையும் முன்னோடிகளில் தொடங்கி, நோஆப் ஓட்டத்தில் ஒன்றும் மாறாது என்று பார்த்து, சுற்றுச் சுற்றாகவே நீக்க வேண்டும்.